தார்ப் பாலைவனத்தில் நான் ஆற்றிய சேவை

பாலைவனத்துக்கு ஈரம் கொண்டுபோன முதல் லண்டன் ஹரோவாசி நானே என்பதை உலகம் இன்னும் முறைப்படி அறியவில்லை. அக்குறை தீர, 1992 ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, தமிழ் வகுப்பு முடிந்த மண்டபத்தில் எனக்கு நானே ஒரு பாராட்டுக் கூட்டம் ஒழுங்கு செய்தேன். தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை மூன்றும் நானே.

என்னை அனுப்பிய தொண்டு நிறுவனம் கேட்டது மூன்று மாதச் சேவை. நானோ யாழ்ப்பாணம் பெரியகடையில் புடைவை வியாபாரியின் மகன். பேசிப் பேசிப் பத்து நாளுக்கு இறக்கினேன். ராஜஸ்தானில், மணலுக்கு நடுவே, ஒரேயோர் அறையுள்ள வீட்டில் என்னை "ஏற்றுக்கொண்டார்கள்". வீட்டில் ஏழு பேர். அறையை எனக்குத் தந்துவிட்டு ஏழு பேரும் வெளியே மணலில் படுத்தார்கள். "இம்மக்கள் நட்சத்திரப் பிரியர்கள்" என்று அறிக்கையில் குறித்துக்கொண்டேன்.

என் பணி, தூரத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமப்பது. முதல் நாளே வெயிலில் மயங்கி விழுந்தேன். அதன்பின் வீட்டுக்காரி என் குளிப்புக்கும் சேர்த்துச் சுமந்தாள். இவ்வாறு என் சேவையால் அவளுடைய கிணற்று நடை நாளுக்கு இரண்டிலிருந்து நாலாக "வளர்ச்சி" கண்டது.

இவ்வளவையும் மேடையில் விளக்கி முடித்து, கைதட்டல் ஓய்ந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் மேடைக்கு வந்தார். பெயர் பாஸ்கரன், அகதியாக லண்டன் வந்து மூன்று கிழமை.

"அண்ணை, ஸ்ட்ரெதமிலை நானிருக்கிற அறையை நாளைக்கு விடச் சொல்லிப்போட்டினம். உங்கடை வீட்டிலை ஒரு மாசம் நிக்க ஏலுமோ?"

"ஒரு மாசமோ, தம்பி?"

"ரெண்டு கிழமை எண்டாலும் காணும்."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"சரி அண்ணை, ரெண்டு நாள்."

ஒரு மாதத்தை, வாய் திறக்காமலே இரண்டு நாளாக்கியிருந்தேன். அப்பா இருந்திருந்தால் கண் கலங்கியிருப்பார்.

முன்வரிசையில் இருந்த என் மனைவி சிவனேஸ்வரி, "சின்ன அறை சும்மாதானே கிடக்கு," என்றாள்.

"சும்மாவோ? அதுதானப்பா பாலைவனச் சேவைச் சங்கத்தின்ரை தலைமையகம்."

"அதுக்குள்ளை நீங்கள் வாங்கி வந்த ஒட்டகப் பொம்மையெல்லோ இருக்கு."

"அப்ப அதை எங்கை விடுறது?"

 பாஸ்கரன் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினார். ஓட்டோகிராப் கேட்கிறார் என்று பூரித்துப்போய்ப் பேனாவைத் திறந்தேன்.

"அந்த ஏழு பேரின்ரை அட்ரசை ஒருக்கா எழுதித் தாங்கோ, அண்ணை."