மனுவோடு இணைத்த வரைபடம்

செட்டிகுளம் பக்கம்,
நம் ஊர்,
புதன்கிழமை.

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அறிவரசன் அவர்களுக்கு, உங்கள் அக்காள் வீட்டுக்காரர் அரியமுத்து எழுதுவது.

ஓசூரில் நீங்களும் பாக்யலட்சுமியும் குழந்தைகளும் சுகமாக இருக்க மலைமேல் இருக்கும் முருகனை வேண்டிக்கொள்கிறேன். இங்கும் சுகமே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை எழுத மாட்டேன் என்கிறது. போனில் சொல்லலாம் என்றால் பக்கத்திலேயே உங்கள் அக்கா ஜோதி நிற்பாள். அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது. அதனால்தான் தபால்.

நான் கண்டக்டர் வேலையில் ஓய்வு பெற்ற மறுமாதமே ஏரி மீட்புக் குழுவுக்குத் தலைவரானது உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு நல்லதம்பி ஏரிக்குள்ளே மாட்டுக்கொட்டகை போட்டிருக்கிறான் என்று நான் சொல்லப்போக, அவன் டீக்கடையில் பத்துப் பேர் முன்னால், "ஆதாரம் இருக்காங்க தலைவரே?" என்று கேட்டுவிட்டான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நம் வெற்றிச்செல்விதான் திருச்சியில் எம்.ஏ. வரலாறு படிக்கிறாளே, அவளைக் கூப்பிட்டேன். வரலாறு என்றால் ராஜாக்கள் பேரும் வருஷமும்தான் என்று நான் நினைத்திருக்க, அவளோ, "ராஜாவெல்லாம் இருக்கட்டும்ப்பா. தண்ணி எங்க நின்னுச்சு, வண்டிப்பாதை எங்க போச்சுன்னு படத்துல பாத்தா, ஊரு ஏன் இந்த மேட்டுல வந்துச்சுன்னு தானா புரிஞ்சுடும்" என்றாள். நூறு வருஷத்துக்கு முந்தைய கிராம வரைபடம் ஒன்றைத் தேடிப் பிடித்து, வானத்திலிருந்து எடுத்த இன்றைய படத்தின்மேல் கம்ப்யூட்டரில் போர்த்தினாள். இரண்டு படத்திலும் இடம் மாறாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு பொருத்த வேண்டுமாம். ஐயனார் கோயிலைப் பிடித்துக்கொண்டாள். பழைய ஏரி நீலமாக விரிந்தது, கொட்டகை நீலத்துக்குள் இருந்தது! "இருப்பா, இன்னும் வூடெல்லாம் குறிக்கல" என்றாள். "வூடு எதுக்கும்மா, கொட்டகை தெரியுதுல்ல" என்று படத்தைப் பிடுங்கிக்கொண்டு பெரம்பலூருக்கு பஸ் ஏறினேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுநாள் அல்லவா! பழைய எல்லைக்குள் எந்தக் கட்டடம் இருந்தாலும், யாருடையதாக இருந்தாலும், தயவு தாட்சணியமின்றி இடிக்க வேண்டும் என்று எழுதி, 'யாருடையதாக இருந்தாலும்' என்பதன் அடியில் இரண்டு கோடும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நேற்று சாயங்காலம் வெற்றிச்செல்வி வீடுகளையெல்லாம் குறித்து முடித்தாள். "அப்பா, இங்க வாங்க" என்றாள். குரலே சரியில்லை. போய்ப் பார்த்தால், மாப்பிள்ளை, என்னத்தைச் சொல்ல, நம் வீடும் நீலத்துக்குள் நிற்கிறது! வாசல், கிணறு, முருங்கை மரம் எல்லாம் தண்ணீருக்குள். முப்பத்தொரு வருஷம் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்துக் கட்டிய வீடு. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள், நான் மனு எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். "நீங்க கொட்டகைய மட்டும்தானேப்பா பாத்தீங்க" என்று அவள் வேறு சொல்லிக்காட்டினாள்.

ஆகவே வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். ஊரின் கிழக்கே நீங்கள் போன தை மாதம் குடிபுகுந்துவிட்டுப் பூட்டிப்போன புது வீட்டின் சாவியை அனுப்பிவையுங்கள். இடிக்க வருவதற்குள் பாத்திரம் பண்டத்தையாவது அங்கே சேர்த்துவிடுகிறேன். அக்காவிடம், வெள்ளையடிக்கப் போகிறோம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

குழந்தைகளுக்கு என் ஆசி. எந்த ஊரில் வாழ்ந்தாலும் மேட்டில் வீடு கட்டும் புத்தி அவர்களுக்கு உண்டாகட்டும்.

இப்படிக்கு,
இன்றுவரை வீடுள்ள,
அரியமுத்து.

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை): தபாலில் சேர்ப்பதற்குள், புதன்கிழமை ராத்திரியே கடிதம் ஜோதி கையில் சிக்கிவிட்டது. படித்து முடித்தவள் அழவில்லை. "ஏங்க, ரோடு அகலம் பண்ணுனப்ப ஐயனாரத் தூக்கிட்டுப் போயி மேக்கால வச்சது யாரு? கும்பாபிஷேகப் பத்திரிகையில சாமி பேர விட உங்க பேருதானே பெருசா இருந்துச்சு!" என்றாள். கோயில் மேற்கே போனதில், அதைப் பிடித்துப் பொருத்திய ஏரியும் படத்தில் மேற்கே வந்திருக்கிறது. வெற்றிச்செல்வி தலையில் அடித்துக்கொண்டு, பழைய படத்தை அப்படியே கிழக்கே நகர்த்தினாள். நம் வீடு தப்பித்தது. நல்லதம்பி கொட்டகையும் தப்பித்தது. இன்று காலை ஓடிப்போய் மனுவைத் திரும்பக் கேட்டேன். என் மனுவை முழுமனதாக ஆதரித்து, சரியான படத்தோடு நல்லதம்பி நேற்றே இன்னொரு மனு கொடுத்திருக்கிறானாம். வெற்றிச்செல்விதான் படத்தைக் கொடுத்தாளாம். கேட்டால், "வரலாறு எல்லாருக்கும் பொதுப்பா" என்கிறாள். சாவி அனுப்ப வேண்டாம், மாப்பிள்ளை. நீங்களே உடனே புறப்பட்டு வாருங்கள். ஏரியில் ரொம்ப ஆழமான இடம் உங்கள் சமையல்கட்டு. மாடி அறையை உங்களுக்காக ஒழித்து வைத்திருக்கிறேன்.