பேனா நிற்காத பிள்ளை

என் மூத்த பேரனுக்கு,

பாட்டி எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் நலம். நீ பாலம் கட்டும் இன்ஜினியர், உன் தங்கை பல் டாக்டர், உன் அத்தை மகன் தலையாட்டாமல் ஒரு விமானமும் கிளம்பாதாம். ஐந்தாவதோடு நின்றவளுக்கு இப்படிப் பேரப்பிள்ளைகள் என்று எதிரே வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். இப்போது என்னைக் கண்டாலே தெரு மாறுகிறார்கள்.

மிச்சம் உன் சித்தப்பா மகள் சிட்டுதான். அவளை நினைத்தால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இதை எழுதும்போதே மூன்று தரம் எழுந்து போய் எட்டிப் பார்த்துவிட்டேன். உழைப்பில் உங்கள் எல்லோரையும் விழுங்கிவிடுவாள், மார்க்தான் மேலே ஏற மாட்டேன் என்கிறது. கணக்கில் இந்த முறையும் கோட்டை விட்டால் அதே வகுப்பு, தோழிகளெல்லாம் மேலே போய்விடுவார்கள். அதைச் சொல்லிவிட்டு பிள்ளை நோட்டில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். நான் சும்மா இருப்பேனா? பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் இருக்கிறேன். பேனா நின்றால் போதும், “என்னடி பராக்கு பாக்குற? எழுது!” என்பேன். உடனே எழுதுவாள். உன் சித்தி, “கொஞ்சம் அவள விடுங்களேன் அத்தை” என்றாள். “நீ அடுப்பப் பாரும்மா, நான் இவளப் பாக்குறேன்” என்றேன்.

நேற்று டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். “இவ்ளோ உழைக்கிற பிள்ளைய நான் பாத்ததில்ல பாட்டி. ஆனா கேள்விய முழுசா படிக்கறதுக்குள்ளயே பதில் எழுத ஆரம்பிச்சிடறா. கொஞ்சம் யோசிக்கச் சொல்லுங்க” என்றார். “பரீட்சைய வச்சுக்கிட்டு யோசிக்கறதுக்கு நேரம் ஏது டீச்சர்?” என்றேன். உன் சித்தி என் கையைக் கிள்ளினாள். டீச்சர் தண்ணீர் குடித்தார்.

ஆகவே நீ பட்டம் வாங்கியபோது கறுப்பு அங்கியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி அனுப்பு. அவள் மேஜைக்கு எதிரே மாட்டுகிறேன். நான் குளிக்கப் போகிற நேரத்தில் நீ அவளைப் பார்த்துக்கொள்ளலாம்.

மனம் குளிர இரு, வேளைக்குச் சாப்பிடு, வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் பாட்டி

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை தேடிவிட்டு வந்து பார்த்தால், சிட்டு பேனாவை மூடி வைத்துவிட்டு, கன்னத்தில் கை வைத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாய் திறப்பதற்குள், “பாட்டி, கொஞ்ச நேரம் பேசாம இரேன்” என்றாள். இந்த வீட்டில் என்னிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் நாலே வரியில் கணக்கை முடித்தாள். உன் சித்தப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, “அடி, சரியா வந்துருச்சுடி!” என்று கத்தினான்.

நீயும் இந்த வயதில் இப்படித்தான் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாய். உருப்பட மாட்டாய் என்று நான் திட்டாத நாள் உண்டா! அதனால் மேலே எழுதியதையெல்லாம் அடித்ததாக வைத்துக்கொள். நாற்காலியை வாசலுக்குக் கொண்டுபோய்விட்டேன். கால்தான் உள்ளே உள்ளே இழுக்கிறது. அங்கிப் படம் வேண்டாம். வேலை நடுவில், ஒன்றும் செய்யாமல், கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிற மாதிரி புதிதாக ஒரு படம் எடுத்து உடனே தபாலில் போடு. அவளுக்கு இல்லையடா, என் நாற்காலிக்கு எதிரே மாட்டிக்கொள்ள.