ஒரே செயினில் இரண்டு கழுத்து

கன்னம் வீங்கிய மனிதனிடம் யாரும் மரியாதையாகப் பேசுவதில்லை. அனுபவத்தில் சொல்கிறேன்.

திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டுகிறேன். மகள் ஜெனிபருக்கு ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. காதுக்குக் கீழே பன்னை ஒட்டிய மாதிரி வீக்கம். டாக்டரிடம் போகலாம் என்றாள் மனைவி ரீட்டா. வேண்டாம் என்றேன். கழுத்தில் தங்கம் போட்டால் வடிந்துவிடும் என்று எங்கள் பக்கம் ஒரு பழக்கம். மச்சான் டேவிட்டின் செயினை வாங்கி மகளுக்குப் போட்டேன். (கல்யாணத்துக்கு மட்டும் போடுவான். மாடு கட்டலாம், அவ்வளவு நீளம்.)

மறுநாள் எனக்கும் வீங்கியது. இருப்பதோ ஒரு செயின். கழற்றினால் வீக்கம் ஏறும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். யோசித்தேன். அதே செயினுக்குள் என் தலையையும் விட்டேன்.

"ஏங்க, மூளையும் வீங்கிச்சா?" என்றாள் ரீட்டா.

மதியம் ஜெனிபர் ஒரு வாய் தண்ணீர்கூட விழுங்கவில்லை. கொடுத்தால் அழுதாள். பிறகு அழவும் இல்லை. என் தோளில் துவண்டு கிடந்தாள். கிளினிக் கிளம்பினோம். அப்போதும் செயினைக் கழற்றவில்லை. டேவிட்தான் ஆட்டோவை ஓட்டினான்.

"இன்னா மாமே, ஜோடி மாடு கணக்கா வந்துகினு கீற!"

டாக்டரம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"ரெண்டு பேருக்கும்."

"மொதல்ல செயினைக் கழட்டுங்க."

"வீக்கம் ஏறிடும்மா."

"எனக்கு பிரஷர் ஏறுது. கழட்டுங்க."

கழற்றினேன். ஜெனிபரின் நாக்கைப் பார்த்தார். காய்ந்திருந்தது. காலையிலிருந்து ஒன்றுக்கும் போகவில்லை என்றாள் ரீட்டா. உடனே குளுகோஸ் ஏற்றினார்கள்.

"இது தானா போயிடும். தண்ணி குடிச்சிட்டு ஊட்லயே இருக்கலாம். தண்ணி எறங்கல, ஒண்ணுக்குப் போகல, விடாம வாந்தி, தலைவலி தாங்கல, கழுத்தை மடக்க முடியல, இதுல ஒண்ணு வந்தாலும் தூக்கினு ஓடி வரணும். தங்கத்துக்கு இங்க வேலை இல்ல." என் பக்கம் திரும்பினார். "ஆம்பளைங்களுக்குக் கீழயும் வீங்கும். வீங்கினா நீங்களும் ஓடி வாங்க."

டேவிட் கையை நீட்டினான். "மாமே, செயினைக் குட்த்துடு."

சாயங்காலம் ஜெனிபர் கண் திறந்து ஐஸ் கேட்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். (கன்னம் வலித்தது. அதனால்தான்.)

இப்போது காலேஜ் போகிறாள். எங்களில் யார் தும்மினாலும் அந்த கிளினிக்தான். உள்ளே நுழைந்ததும் டோக்கன் தரும் அக்கா நிமிர்ந்து பார்த்துக் கேட்பாள்:

"தனித்தனியாவா, ஜாயின்ட்டாவா?"