மக்ரோனிப் பானையில் அகஸ்டாவின் கடல்

அன்புள்ள ரோசலி அத்தைக்கு,

டெல்ஃபினா எழுதுகிறேன். பிலடெல்ஃபியாவில் நீங்களும் ஆபரேஷனில் வைத்த உங்கள் புது இடுப்பும் ஒருவருக்கொருவர் பழகியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். நன்றாகச் சாப்பிடுகிறோம். அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

இன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் நான் சொல்லாமல் விட்ட வாக்கியம் இது: "பெரியப்பா, அது அகஸ்டாவோட தண்ணி." சாயங்காலம் நீங்கள் போனில் உங்கள் செல்ல நண்டு எப்படியிருக்கிறாள் என்று கேட்டபோது "நல்லா இருக்கா" என்றேன். அதில் பொய் இல்லை. அவளுடைய உப்புத்தண்ணீர்க் கிண்ணம் காலி என்பதையும், அதில் இருக்கவேண்டிய தண்ணீரில் வெந்த மக்ரோனி ஃபாதர் லெனஹன் வயிற்றில் இருக்கிறது என்பதையும் மட்டும் சொல்லவில்லை.

முதலிலிருந்தே சொல்கிறேன். கோடைக் கூட்டம் வந்துவிட்டதால் ஊர்க் குழாய்த் தண்ணீரில் குளோரினைக் கொட்டியிருக்கிறார்கள். குழாயைத் திறந்தால் நீச்சல் குளத்து வாசனை வருகிறது. ஒரு ராத்திரி திறந்து வைத்தால் போய்விடும் என்று கார்மைன் பெரியப்பா சொல்கிறார். நான் படித்தவரையில், இப்போது கலக்கிற வகை அப்படிப் போகாது. அதற்கென்று விற்கும் சொட்டு மருந்தை விட்டால்தான் போகும். படித்ததை எல்லாம் அவரிடம் சொன்னேன். "அறுபது வருஷமா இதே தண்ணியைத்தான் குடிக்கறேன், எனக்கு என்ன ஆச்சு?" என்றார். "நீங்க செவுளால மூச்சு விடறீங்களா பெரியப்பா?" என்று கேட்டேன். தன் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் பேப்பருக்குத் திரும்பிவிட்டார். பக்கத்து வீட்டு மிஸஸ் டோர்ட்டி வேலிக்கு மேலே தலையை நீட்டி, "கடல் இதோ இருக்கே டெல்ஃபினா, ஒரு பக்கெட் மொண்டுக்கிட்டு வாயேன்!" என்றாள். ஆகஸ்ட் மாதத்துக் கடல் அது, அத்தை. பாதி உப்பு, பாதி சன்ஸ்கிரீன். நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு உள்ளே போய், மாதா சொரூபம் போட்ட சின்ன பாட்டிலில் தீர்த்தம் கொண்டுவந்து தந்தாள். வாங்கி ஜன்னலில் வைத்தேன். அகஸ்டாவின் மதம் எனக்குத் தெரியாது.

ஆகவே, நேற்று சாயங்காலம் இருந்த சொட்டு மருந்தையெல்லாம் குழாய்த் தண்ணீரில் பிழிந்து நல்ல தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பிவிட்டு, மீதித் தண்ணீரில் நீங்கள் வைத்துவிட்டுப் போன கடலுப்புப் பொட்டலத்தைக் கடைசித் துகள்வரை கரைத்தேன். கீறல் விழாத எனாமல் பாத்திரம் இந்த வீட்டில் ஒன்றுதான். அது எந்தப் பாத்திரம் என்று உங்களுக்கே தெரியும். நண்டு அழகிப் போட்டிக்கு முன்னால் அவள் பழைய ஓட்டை விட்டு வேறு ஓட்டுக்கு வீடு மாற ஆசைப்பட்டால் தோதாக இருக்கட்டும் என்று மாற்று ஓடுகளையும் கழுவி அதிலேயே ஊறப்போட்டேன். மூடி, அடுப்பின் மேல் வைத்துவிட்டுப் படிக்கப் போனேன். சனிக்கிழமை ராத்திரி, பெரியப்பாவின் மக்ரோனிப் பானையில், அடுப்பின் மேல்! இத்தனை புத்தகம் படித்து என்ன பிரயோஜனம், சொல்லுங்கள்.

காலையில் நேரங்கழித்துக் கீழே இறங்கினால் வீடு முழுக்கத் தக்காளிக் குழம்பு மணம். பானை தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கிறது. பெரியப்பா பூசைக்குப் போட்ட சட்டையோடு நின்று அதைக் கிண்டிக்கொண்டிருக்கிறார். நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து வாசலில் ஃபாதர் லெனஹனும் மிஸஸ் டோர்ட்டியும். மூடிக்கொண்டேன்.

மேசையில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். முதல் வாய் போட்டதும் ஃபாதர் கண்ணை மூடிக்கொண்டார். "கார்மைன், இன்னிக்கு என்ன பண்ணினே? இந்த மாதிரி நான் சாப்பிட்டதே இல்லை!"

"தண்ணிதான் ஃபாதர் ரகசியம். கடல் மாதிரி இருக்கணும்."

"போன வாரம் குட்டை மாதிரி இருந்துச்சு" என்றாள் மிஸஸ் டோர்ட்டி. அடுத்த நொடி அவள் முள்கரண்டி 'டங்'கென்று எதன் மேலோ பட்டது. குழம்புக்குள்ளிருந்து ஒரு ஓட்டைத் தூக்கிப் பிடித்தாள். அகஸ்டாவுக்காக நான் வாங்கிய பச்சைச் சங்கு, அத்தை! "சிப்பிக் கறியா? ஓடு மட்டும் இருக்கு, கறி எங்கே?"

"உள்ளே இருந்ததை நீயே தின்னுட்டு என்னைக் கேக்கறியா?" என்றார் பெரியப்பா.

ஃபாதர் மூன்றாம் தடவை தட்டை நீட்டினார். நான் ரொட்டியைப் பிட்டுப் பிட்டு வாயில் அடைத்துக்கொண்டேன்.

அப்புறம் கடலோரப் பலகை நடைபாதையான போர்டுவாக்கில் இருக்கிற எல்லா வளர்ப்பு நண்டுக் கடைகளுக்கும் ஓடினேன். புதன்கிழமை நண்டு அழகிப் போட்டி என்பதால் கடலுப்பும் இல்லை, சொட்டு மருந்தும் இல்லை. கடைக்காரப் பெண் சூயிங்கம்மை மென்றுகொண்டே, "சமையல் உப்பு போடுக்கா, தண்ணிக்கு என்ன தெரியப்போகுது?" என்றாள். தண்ணீருக்குத் தெரியாது, நண்டுக்குத் தெரியும், அதில் கலந்திருக்கிற அயோடின் அவளுக்கு ஆகாது. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. "அவளைத் தாகமா விட்டுடாதே." இதோ, காலிக் கிண்ணத்தின் விளிம்பில் உட்கார்ந்து ஒற்றைக் காலால் தட்டிக்கொண்டிருக்கிறாள். பார்ப்பதற்குத்தான் துறவி நண்டு. சேவை குறைந்தால் ஹோட்டல் மணியை அடிக்கிற ஜாதி. புதிதாக வரவழைத்திருக்கும் உப்பு வெள்ளிக்கிழமைதான் வந்து சேரும். அதுவரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தயவுசெய்து இதைப் பெரியப்பாவுக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள். இத்தனை வருஷத்தில் அவர் சமையலை யாரும் இப்படிப் புகழ்ந்ததில்லை. பாவம், தன் கைமணம் என்று நம்பிச் சந்தோஷமாக இருக்கிறார். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

உங்கள் இடுப்பு சீக்கிரம் நடனமாட வேண்டும் என்று மிஸஸ் டோர்ட்டி மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள். ஃபாதர் தன் ஆசீர்வாதத்தைச் சொல்லச் சொன்னார். சொல்லும்போது ஏப்பம் விட்டார்.

அன்புடன்,
டெல்ஃபினா

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது பெரியப்பா கதவைத் தட்டினார். கையில் பெரிய ஊறுகாய் ஜாடி, வாய்வரை தண்ணீர். "இந்தா, உன் ராணிக்கு. காலையில அடுப்பு பத்த வைக்கறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சுட்டேன்" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஏண்டி, இந்தக் கடற்கரையில பொறந்து வளந்தவன், ஒரு சொட்டு நாக்குல வெச்சா எந்த உப்புன்னு தெரியாதா? பானைக்குள்ள கையை விட்டா ஓடு ஓடா வருது. எல்லாத்தையும் எடுத்துட்டேன்னு நெனைச்சேன், ஒண்ணு தப்பிச்சு டோர்ட்டி தட்டுக்குப் போயிருச்சு."

"அப்புறம் ஏன் அதுலயே வேக வெச்சீங்க?"

"விருந்தாளி வர்ற நேரம். தண்ணி ருசியா இருந்துச்சு. விட மனசு வரலை."

"மேசையில ஏன் சொல்லலை?"

"நீ ஏன் சொல்லலை?"

இரண்டு பேரும் ஜாடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கிண்ணத்தில் ஊற்றினோம். அகஸ்டா தட்டுவதை நிறுத்திவிட்டு இறங்கினாள்.

இன்றைக்கு வியாழக்கிழமை, கடிதத்தை இப்போதுதான் தபாலில் சேர்க்கிறேன். போட்டியில் அகஸ்டாவுக்குப் பரிசு கிடைக்கவில்லை. நடுவர்கள் வந்து போகும்வரை தண்ணீரைவிட்டு வெளியே வரவில்லை.