பிழை இல்லாத வண்டி

அச்சகத்தில் மெய்ப்பு பார்க்கும் அந்த மனிதருக்கு ‘ஒற்று’ என்று பட்டப்பெயர். விட்டுப்போன ஒரே ஒரு ‘க்’குக்காகப் பாதி அச்சாகிவிட்ட பாடப்புத்தகத்தை நிறுத்திய ஆள். அச்சகத்தில் அவர் கண்ணுக்குத் தப்பிய பிழை கிடையாது. வீட்டில் நிலைமை தலைகீழ். அங்கே மெய்ப்பு பார்ப்பது மனைவி. பிழை என்பது இவர்.

பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் வாங்கி வந்த எந்தப் பொருளும் அவளிடம் தேறியதில்லை. குடை வாங்கினார், காற்றடித்தால் கிண்ணமாகிவிட்டது. சுவர்க் கடிகாரம் வாங்கினார், அதற்குச் சுவரைப் பிடிக்கவில்லை. ஆகவே பழைய கார் ஒன்று வாங்கலாம் என்று முடிவானபோது ஒற்று மனதுக்குள் சபதமே எடுத்தார். இந்த ஒன்றிலாவது அவள் குறை சொல்லக்கூடாது.

ஒன்பது வயதான சாம்பல் நிறக் கார். பூதக்கண்ணாடியோடு போய், திருகு திருகாக, இடமிருந்து வலமாகப் பார்த்து வாங்கினார். ஒரு சனிக்கிழமை அதை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி மனைவியைக் கூப்பிட்டார்.

“முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்துட்டேன். ஒரு பிழை கிடையாது.”

அவள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்ப்பவள். எந்தப் பாட்டிலைக் கையில் எடுத்தாலும் முதலில் பேட்ச் நம்பரைப் பார்க்கிற பழக்கம் உண்டு. காரையும் ஒரு சுற்று வந்தாள். முன்கண்ணாடியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த சேஸிஸ் நம்பரைக் குனிந்து படித்தாள். பிறகு நிமிர்ந்து, “நல்லா இருக்குங்க” என்றாள். ஒற்றுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த வாரமே கார் வாயைத் திறந்தது. வலப்பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அலறும். தெருமுனையில் நின்றவர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறார் என்று வணக்கம் வைத்தார்கள். இவரும் ஒருவர் விடாமல் பதில் வணக்கம் வைத்தார். பின்பக்கத்து இடது கதவு உள்ளேயிருந்து திறக்கவில்லை. மகளைப் பள்ளியில் விடும்போது இவர் இறங்கி ஓடிவந்து திறந்துவிட, யாரோ பெரிய இடத்துப் பெண் என்று வாட்ச்மேன் சல்யூட் அடித்தார். போதாக்குறைக்கு லேசாகப் பெட்ரோல் வாடை வேறு. மனைவி கேட்டபோதெல்லாம் ஒற்று ஒரே பதிலைத்தான் சொன்னார். அது பிழை இல்லையாம், விதிவிலக்காம்.

அடுத்த சனிக்கிழமை தபாலில் ஒரு கடிதம் வந்தது. கார்க் கம்பெனி அனுப்பியது. அந்த வருடத்து வண்டிகளில், விபத்து நேரத்தில் ஓட்டுநரைக் காக்க ஸ்டீயரிங்குக்குள் வைத்திருக்கும் காற்றுப்பையின் இரும்புக்கூடு சிதறி ஓட்டுநர் மீதே பாயக்கூடும் என்று தெரியவந்திருக்கிறது, உடனே கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று எழுதியிருந்தது. ஒற்று அதை மூன்று முறை படித்தார். எங்கேயாவது ஓர் எழுத்துப்பிழை இருந்தால் போலிக் கடிதம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இல்லை. அவ்வளவு சுத்தமான கடிதத்தை அவர் சர்வீஸில் பார்த்ததில்லை.

மனைவியிடம் எந்த முகத்தோடு சொல்வது? கடிதத்தை மடித்து அகராதியில் யாரும் புரட்டாத ‘ஞ’ பக்கத்தில் வைத்தார். அன்றிலிருந்து சீட்டை எட்டியமட்டும் பின்னுக்குத் தள்ளி, கொதிக்கும் அண்டாவைத் தூக்குகிறவர் மாதிரி கைகளை நீட்டிக்கொண்டு ஓட்டினார். மனைவி கேட்டதற்கு முதுகுவலி என்றார். அவள் “ம்” என்றதோடு சரி.

அதற்கப்புறம்தான் அதிசயம் நடந்தது. வியாழக்கிழமை காலை வலப்பக்கம் திருப்பினார். ஹாரன் மூச்சுவிடவில்லை. ஒரு வாரம் போயிற்று. மறு வியாழன் மகள் தானே கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். பெட்ரோல் வாடையும் போன இடம் தெரியவில்லை. ஒற்று நடுரோட்டில் காரை நிறுத்தி, தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். மாடிப்படியில் எதிர்ப்பட்ட கீழ்வீட்டுப் பல் டாக்டரிடம், அன்பாக ஓட்டினால் இயந்திரம் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்று விளக்கினார். பற்களுக்கு இது தெரியாமல் இருக்கும்வரை தன் பிழைப்பு ஓடும் என்றார் டாக்டர்.

ஆனால் காற்றுப்பையை அன்புக்கு விட்டுவிட அவருக்குத் துணிச்சல் வரவில்லை. அந்தச் சனிக்கிழமை முடிவெட்டப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, கடிதத்தோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனார். மேசையில் இருந்த பெண் சேஸிஸ் நம்பரைத் தட்டிப் பார்த்தாள்.

“கம்பெனியே திரும்பக் கூப்பிட்டு மாத்தித் தர்ற ரீகால் இதுக்கு மொத்தம் மூணு சார். காற்றுப்பை, பின்கதவு லாக், பெட்ரோல் குழாய். மூணும் முடிஞ்சுது. முந்தின வாரம் புதன்கிழமை பையை மாத்தும்போதே தேஞ்சுபோன ஹாரன் வயரையும் சரிபண்ணிட்டோம். மத்த பார்ட்ஸ் வந்து, போன புதன்கிழமை மிச்சத்தையும் முடிச்சாச்சு.”

புதன்கிழமை காரை வாசலில் விட்டுவிட்டு ஒற்று அச்சகத்தில் அல்லவா இருந்தார். யார் கொண்டுவந்தது என்று கேட்டார்.

“உங்க வீட்டு மேடம்தான் ஓட்டிட்டு வந்தாங்க.”

“அவளுக்கு ஓட்டத் தெரியாதும்மா.”

“ரிவர்ஸ்லயே ஒரே மூச்சுல வண்டி தூக்குற லிஃப்ட்ல ஏத்தினாங்க சார். எங்க ஆளுங்க கையில இருந்த வேலையைப் போட்டுட்டு வந்து பார்த்தாங்க.”

புகார்ப் படிவத்தை வாங்கிப் பார்த்தார். அவளுடைய கையெழுத்தேதான். ஹாரன், கதவு, வாடை என்று, இவர் சொன்ன விதிவிலக்குகள் அத்தனையும் வரிசையாக இருந்தன. ஓர் ஒற்றுகூட விட்டுப்போகவில்லை. கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறவர் போல அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

வீடு திரும்பியபோது அவள் மகளின் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வெட்டுப்படாத அவர் முடியைப் பார்த்துவிட்டுச் சீருடையைத் திருப்பிப் போட்டாள். ஒற்று நாற்காலியில் உட்கார்ந்து, கடிதத்தைப் பற்றி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

“உனக்கு எப்போ தெரியும்?”

“வாங்கின அன்னைக்கே. மருந்துல ஒரு பேட்ச் சரியில்லைன்னா நம்பரை வெச்சுத்தான் திரும்ப வாங்குவாங்க. காருக்கும் இருக்கும்னு கம்பெனி வெப்சைட்ல நம்பரைப் போட்டுப் பார்த்தேன். கம்பெனியில தேதி கிடைக்கப் பதினோரு நாள் ஆச்சு. நீங்க ஓட்டுற வேகத்துக்கு எந்தப் பையும் வெடிக்காதுன்னு ஒரு தைரியம்தான்.”

“கார் ஓட்ட எப்போ கத்துக்கிட்டே?”

“கல்யாணத்துக்கு முன்னாடி அப்பாவோட மருந்து வேனை ரெண்டு வருஷம் நான்தான் ஓட்டினேன்.”

“சொல்லவே இல்லையே.”

“நீங்க கேட்கவே இல்லையே.”

ஒற்று, தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“பிழையே இல்லைன்னு சொன்னப்போ உங்க முகம் எப்படி இருந்துச்சு தெரியுமா? அதைக் கெடுக்க மனசு வரல. அதுக்காக, உங்க நெஞ்சுல இரும்பு பாயுற வரைக்கும் சும்மா இருக்க முடியுமா?”

இப்படி ஒருத்தியோடு பன்னிரண்டு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் முன்னுரையைக்கூடத் தாண்டவில்லையே என்று ஒற்றுக்குத் தோன்றியது. பேச்சை மாற்ற, இனிமேலாவது வண்டியில் பழுது எதுவும் பாக்கி இல்லையே என்று கேட்டார்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவர் சட்டைப்பையில் இருந்த கார்ச் சாவியை மெதுவாக எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“சர்வீஸ் சென்டர்லயும் அதையேதான் கேட்டாங்க. டிரைவர் சீட்ல மட்டும் ஒண்ணு இருக்கு, அதை நான் வீட்லயே மாத்திக்கிறேன்னு சொல்லிட்டேன்.”