எண்ணூறு சட்டையும் பன்னிரண்டு முகமும்

"பதினெட்டு!" என்றாள் புருலாய். "ஒரு மணி நேரத்துல பதினெட்டு காலர். போன வாரம் இருபத்திநாலு. மிச்சம் ஆறு எங்க போச்சு சினாரா?"

"எலி தின்னுடுச்சு," என்றாள் சினாரா, மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

பிஷ்கெக் நகரத்தின் அந்தத் தையல் கூடத்தில் வேலை செய்த பன்னிரண்டு பேரில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் அதற்கும் மேற்பார்வையாளர் புருலாய் நேரம் குறித்துக்கொள்வாள். பள்ளிகள் திறக்க எட்டு நாள்தான் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் எண்ணூறு சீருடைச் சட்டைகள் வண்டி ஏறியாக வேண்டும். தவறினால் வாடிக்கையாளர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். குளிர்காலம் முழுக்க மிஷின்கள் தூசி தின்னும்.

இந்த நேரம் பார்த்துத்தான் முதலாளி குபாத் புருலாயைக் கூப்பிட்டான். அவளைவிடப் பத்து வயது சின்னவன்.

"போன மாசம் ரெண்டு பேர் வேலையை விட்டுட்டுப் போனாங்களே, எதனாலன்னு தெரியுமா அக்கா? உங்களாலதான்."

"நானா? நான் யாரையும் ஒரு வார்த்தை தப்பா பேசினதில்லையே!"

"பேசினாத்தானே தப்பா பேசறதுக்கு? நீங்க எண்ணிக்கிட்டே இருக்கீங்க. கொஞ்சம் முகத்தையும் பாருங்க. வீட்ல எப்படின்னு ஒரு வார்த்தை கேளுங்க."

"கேட்டா சட்டை தைச்சிடுமா?"

"சட்டையும் வேணும், ஆளும் வேணும். இன்னும் ஒரு ஆள் போனாலும் கூடத்தை மூட வேண்டியதுதான்."

புருலாய் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. நேராக சினாராவிடம் போனாள். முகத்தைப் பார்த்தாள். "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

மிஷின் நின்றது. "ஏன் அக்கா, என்னை வேலையை விட்டு எடுக்கப்போறீங்களா?"

"ஐயோ, சும்மாதான் கேட்டேன்."

"பதினோரு வருஷத்துல நீங்க சும்மா எதையும் கேட்டதே இல்லையே!" சினாராவின் உதடு துடித்தது. பக்கத்து மிஷின்காரி எழுந்து வந்து தோளைப் பிடித்தாள். அவளைத் தேற்ற இன்னொருத்தி வந்தாள். முக்கால் மணி நேரம் கூடத்தில் ஊசி நகரவில்லை.

தனித்தனியாகக் கேட்டதால்தான் இந்த வினை என்று புருலாய் நினைத்தாள். செவ்வாய்க்கிழமை காலை எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். வீட்டிலேயே எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுத்துண்டுகள், ஆப்ரிகாட் பழ ஜாம். பத்து நிமிடம் என்றுதான் சொன்னாள். ஆனால் ஐந்து கோப்பை உள்ளே போகாமல் எழுந்தால் அந்த ஊரில் அது தேநீரே அல்ல. மூன்றாவது கோப்பையில் யாருடைய மருமகள் சோம்பேறி என்று பேச்சு வந்தது. ஐந்தாவதில் சண்டை. முடிவில் பதினோரு வெள்ளைச் சட்டைகளில் ஜாம்.

"சரி, சரி! யாருக்குக் கஷ்டம் இருந்தாலும் என் மேஜைக்கு வாங்க. தனியா. நான் கேட்கிறேன்."

ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். ஏழு மிஷின்கள் சும்மா இருந்தன. கேட்டு முடித்ததும், போன நேரத்தை ஈடுகட்ட புருலாயே சினாராவின் மிஷினில் உட்கார்ந்து நாற்பது காலர் தைத்தாள். நாற்பதும் உள்பக்கம் வெளியே.

சினாரா பொறுமையாகப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க எண்ணுங்க அக்கா. அதுதான் உங்களுக்கு நல்லா வருது."

அன்று சாயங்காலம் இன்னும் ஐந்நூறு சட்டை பாக்கி.

புதன்கிழமை பழைய புருலாயாகவே திரும்பிவிடுவது என்ற முடிவோடு வந்தாள். ஆனால் அன்று வரிசை இல்லை. சினாரா மட்டும் வந்து உட்கார்ந்தாள். மாமியாரின் முழங்கால் வலியை மத்தியானம் வரை சொன்னாள். புருலாய் கேட்டாள். கூடத்தில் மற்ற மிஷின்கள் பந்தயக் குதிரைகள் மாதிரி ஓடின. சாயங்காலம் எண்ணிப் பார்த்தாள். நூற்றி எண்பது! இரண்டு முறை எண்ணினாள்.

வியாழக்கிழமை, கைப்பகுதி தைக்கும் சல்தனத் வந்தாள். "என் வீட்டுக்காரர் இருக்காரே அக்கா, அவர்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். என்ன சொல்வது என்று தேடுகிற மாதிரி மேஜையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "நீங்க ஏன் அக்கா தினமும் தனியா சாப்பிடுறீங்க?"

புருலாய் வாயைத் திறந்தாள். பதில் ஒரு வரியில் முடியவில்லை. மாஸ்கோவில் இருக்கும் மகளைப் பற்றிச் சொன்னாள். போன் எடுத்தால் 'வேலையா இருக்கேன்மா' என்று வைத்துவிடுகிறவள்.

"சின்ன வயசுல அவ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் கேட்டதெல்லாம் எத்தனை மார்க்கு, எத்தனை பக்கம் எழுதினே, இதுதான். முகத்தைப் பார்த்தேனான்னு ஞாபகமே இல்ல சல்தனத்."

சல்தனத் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பேசி முடிக்கும்வரை விடவில்லை. புருலாய் கடிகாரத்தைப் பார்த்தபோது ஒரு மணி நேரம் போயிருந்தது. அவளுக்குக் கோபமே வரவில்லை.

வெள்ளிக்கிழமை பொத்தான் தைக்கிறவள் வந்து, பக்கத்து வீட்டு நாய் செத்ததற்காகக் கண்ணீர் விட்டாள். புருலாய் அதையும் மனம் உருகிக் கேட்டாள். நாலு மணிக்கு எண்ணூறு சட்டைகளும் வண்டி ஏறின.

குபாத்துக்கு நம்பவே முடியவில்லை. "எப்படி அக்கா?"

"ஒரு கண்ணு துணி மேல, ஒரு கண்ணு ஆள் மேல. அளவா வச்சுக்கத் தெரியணும் தம்பி, அவ்வளவுதான்."

நிமிர்ந்த நடையோடு கூடத்தைப் பூட்டப் போனாள். வாசலில் இஸ்திரி போடும் ஜுமாபேக் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றார். ஐம்பத்தெட்டு வயது. வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

"என்ன அண்ணே, உங்களுக்கும் ஏதாவது கஷ்டமா? உட்காருங்க, சொல்லுங்க," என்றாள் புருலாய் கனிவாக.

"கஷ்டமெல்லாம் இல்ல தங்கச்சி. தினம் ஒருத்தர் உங்ககிட்ட வந்து அழுதாத்தான் மத்தவங்க நிம்மதியா தைக்க முடியும்னு சினாரா முறை போட்டிருக்கா, நாளைக்கு என் முறை. சரக்குதான் போயிடுச்சே, நான் அழாம விட்டா பரவாயில்லையா?"