வீடு மாறிய கோப்பு

இனி என் மச்சான் இந்த வீட்டுப் படியேறக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கும்போதே தீர்மானித்துவிட்டேன்.

ஃபேன் நின்றால் வருவான். குழாய் ஒழுகினால் வருவான். ஐந்து நிமிட வேலையை முடித்துவிட்டு ஒரு வாரம் தங்குவான். என் கட்டிலில் அவன் குறுக்கே படுப்பான். ஹாலில் நான் நெடுக்கே கிடப்பேன்.

இப்போது மனைவியின் எம்பிராய்டரி மெஷினை ஓட்டும் மென்பொருள் படுத்துவிட்டது. அதைச் செய்தவர்கள் மூலக் கோப்பைப் பொட்டலமாகச் சுருட்டி இணையத்தில் இலவசமாக வைத்திருந்தார்கள். இறக்கி, பிரித்து, நம் கணினியிலேயே நிறுவிக்கொள்ள வேண்டியதுதான்.

"தம்பியைக் கூப்பிடட்டுமா?"

"எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

முகவரியைத் தட்டி, இறக்கும் கட்டளையை ஏவினேன். கண்மூடித் திறப்பதற்குள் இறங்கிவிட்டது.

"பாத்தியா வேகத்தை!"

பிரித்தேன். இது பிரிக்கிற கோப்பே இல்லை என்றது கணினி. மறுபடி இறக்கினேன். மறுபடி அதே பாட்டு. வயரை ஆட்டினேன். மோடத்தை அணைத்துப் போட்டேன்.

"நெட்டு சரியில்ல."

"என் போன்ல சீரியல் நல்லா ஓடுதே?"

"அது வேற நெட்டு."

அவள் தம்பியின் நம்பரைத் தேடினாள். கையை நீட்டி மறித்தேன்.

"இரு, இரு! அவங்க ஃபைலே கெட்டுப்போச்சு."

"திறந்து பாத்தீங்களா?"

"அதையெல்லாம் மனுஷன் படிக்க முடியாது."

அவள் திறந்தாள். படித்தாள். மொத்தமே நாலு வரி.

"இங்க இல்ல, இந்த முகவரிக்குப் போயிடுச்சுன்னு எழுதியிருக்குங்க. வீடு மாத்திட்டோம்னு அவங்க கதவுல சீட்டு ஒட்டியிருக்காங்க. நீங்க அந்தச் சீட்டைக் கிழிச்சுட்டு வந்து, இதுல குடியிருக்க முடியலையேன்னு புலம்புறீங்க."

போன இடத்துக்கே பின்னால் போய் எடுத்து வா என்று சொல்ல, கட்டளையில் ஒரே ஒரு எழுத்து சேர்க்க வேண்டுமாம். உதவிப் பக்கத்தைப் பார்த்து அவளே சேர்த்தாள். கோப்பு கொழுகொழுவென்று இறங்கியது. மத்தியானம் மெஷின் பூப் போட்டது.

"நான்தான் கண்டுபிடிச்சேன்னு உன் தம்பிகிட்ட சொல்லிடு. இனி ரிப்பேருக்கு அவன் தேவையில்லைன்னு தெரியட்டும்."

"தாராளமா." உடனே போன் போட்டாள். "டேய், அத்தான் ஒரே எழுத்துல சரி பண்ணிட்டாருடா! உன் ஆபீஸ்லயும் இப்படி ஃபைல் வரலைன்னு சொன்னியே?"

என் சட்டைப் பொத்தான் தெறிக்காத குறை. அவள் போனை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ரிப்பேர் பண்ண இனிமே வர மாட்டானாம்."

"அப்பாடா!"

"உங்ககிட்ட கத்துக்க வர்றானாம். முழுசா கத்துக்காம போக மாட்டானாம்."

"ஐயோ! எத்தனை நாள்ல கத்துக்குவான்?"

"சொல்லிக் குடுக்கறவருக்குத் தெரிஞ்சிருந்தா, ஒரே நாள்தாங்க."